தீங்கிலாத் தசைத்துடிப்பு

தீங்கிலாத் தசைத்துடிப்பு என்பது, உடலின் ஏதேனும் ஒரு தசையின் சிறு பகுதி நமது விருப்பமின்றித் தோலுக்கடியில் தானாகவே துடித்து அடங்குவது பல வாரங்கள் அல்லது மாதங்கள் தொடர்ந்தும், அதற்கு அடிப்படையாக எந்த நரம்பு நோயும் காணப்படாத நிலையாகும். கண்ணிமை, கெண்டைச்சதை, தொடை, கட்டைவிரலின் அடிச்சதை ஆகிய இடங்களில் இது பெரும்பாலும் தோன்றும். சிலருக்குத் துடிப்புடன் சதைப்பிடிப்பு, மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, விரைவில் களைப்படைதல் ஆகியனவும் சேர்ந்து வருவதுண்டு. இந்நிலை தசையைத் தேய்ப்பதில்லை, வலிமையைக் குறைப்பதில்லை, ஆயுளையும் குறைப்பதில்லை. ஆயினும், இதே துடிப்பு இயக்க நரம்பணு நோய் எனும் கடும் நோயின் அறிகுறிகளில் ஒன்றாகவும் இருப்பதால், இதனை உணர்ந்தவர்களிற் பலர் நீண்ட காலம் அச்சத்துடன் வாழ நேர்கின்றது. பலருக்குத் துடிப்பை விட அந்த அச்சமே பெரிய துன்பமாக அமைகின்றது.

சொல்லும் பழைய நம்பிக்கையும்

பேச்சு வழக்கில் இது "சதை துடிக்கிறது", "நரம்பு துடிக்கிறது" என்று கூறப்படும். உண்மையில் துடிப்பது தசையே, நரம்பு துடிப்பதில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்கும் நாடித் துடிப்பு குருதிக்குழாயினுடையது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

உறுப்புத் துடிப்பதற்குப் பொருள் காணும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழமையானது. பெண்களுக்கு இடக்கண் துடித்தல் நன்மைக்கும் வலக்கண் துடித்தல் தீமைக்கும் அறிகுறி என்பர். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவின் முடிவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. கம்பராமாயணத்தில் அசோகவனத்துச் சீதை தன் இடக்கண் துடிப்பதைத் திரிசடையிடம் கூறுகின்றாள். கண் துடித்தவர் அக்காலத்தில் நற்செய்தியை எதிர்பார்த்தார் அல்லது தீச்செய்திக்கு அஞ்சினார். இன்று கணினியில் தேடி நோயின் பெயரைக் கண்டு அஞ்சுகிறார். துடிப்பு ஒரு செய்தியைச் சொல்கிறது என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

துடிப்பு நிகழும் முறை

தண்டுவடத்தில் உள்ள ஓர் இயக்க நரம்பணு, தன் நீண்ட இழையின் நுனியில் பல கிளைகளாகப் பிரிந்து பல தசை நார்களை இயக்குகின்றது. அந்த ஒரு நரம்பணுவும் அது இயக்கும் எல்லா நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு ஆகும். மூளையிலிருந்து ஆணை ஏதும் வராமலேயே ஓர் அலகு மின்தூண்டல் பெற்றால், அதற்குட்பட்ட நார்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் சுருங்கும். அதுவே தோலின்மீது புழு நெளிவது போலத் தெரியும் துடிப்பு. நலமான உடலில் இத்தூண்டல் பெரும்பாலும் நரம்பிழையின் நுனிக்கு அருகில், தசைக்குள்ளேயே பிறக்கின்றது. தண்டுவடத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கவேண்டியதில்லை.

கண் விழியை அசைக்கும் தசைகளில் ஓர் அலகுக்குச் சில நார்களே உள்ளன. கெண்டைச்சதையிலோ ஓர் அலகுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்கள் உள்ளன. எனவே கெண்டைச்சதையில் ஒரேயோர் அலகு துடித்தாலும் கண்ணுக்கு நன்கு தெரிகின்றது. பலரும் முதலில் அங்கு துடிப்பைக் காண்பதற்கு இது ஒரு காரணமாகும். நடத்தல், நிற்றல் என நாள் முழுதும் உழைக்கும் தசை அது என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம்.

தனி நாரின் துடிப்பையும் அலகு முழுவதன் துடிப்பையும் 1938 ஆம் ஆண்டு டென்னி-பிரவுன், பென்னிபேக்கர் ஆகிய இருவர் தெளிவாகப் பிரித்துக் காட்டினர். முன்னது தோலின்மீது தெரியாது. ஊசிமுனை மின்வாய் கொண்டே அறிய முடியும். அது நரம்பிணைப்பை இழந்த தசையில் தோன்றுவது. பின்னதே இக்கட்டுரையில் பேசப்படும் துடிப்பாகும்.

தூண்டும் காரணிகள்

உறக்கமின்மை, மிகுதியான காப்பி அல்லது தேநீர், கடும் உடலுழைப்பு, காய்ச்சலுக்குப் பிந்திய தளர்ச்சி, மனப்பதற்றம் ஆகியன துடிப்பை மிகுவிக்கும். குருதியில் கால்சியம் அல்லது மக்னீசியம் குறைதல், தைராய்டுச் சுரப்பு மிகுதல் ஆகியவற்றாலும் இது வரலாம் என்பதால் மருத்துவர் முதலில் குருதிச் சோதனை செய்யச் சொல்வது வழக்கம். கழுத்திலோ இடுப்பிலோ நரம்பு வேர் அழுத்தப்பட்டால் அவ்வேர் சார்ந்த தசையில் மட்டும் துடிப்புத் தோன்றும்.

தூத்துக்குடி மாவட்டத்தின் தொழில்களுடன் இணைத்து நோக்க வேண்டிய சில காரணிகள் உள்ளன. உப்பளத் தொழிலாளர்கள் கடும் வெயிலில் மிகுதியாக வியர்த்து, அதன்வழி உப்பை இழந்து, வெறும் நீரை மட்டும் குடிக்கும்போது கை, கால், வயிற்றுத் தசைகளில் கடும் பிடிப்பு ஏற்படலாம். உப்பின் நடுவே நின்று உழைப்பவர் உடலில் உப்புக் குறைவது வியப்பாகத் தோன்றினும் உண்மையே. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் போன்ற பகுதிகளில் பூச்சிமருந்து தெளிப்போர் வேறொன்றை அறிந்திருத்தல் வேண்டும். மருந்து தெளித்த சில மணி நேரத்தில் உடலெங்கும் தசை துடித்து, வாயில் எச்சில் ஊறி, வியர்த்து, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறினால் அது கரிம பாசுபரசு நச்சேற்றம் ஆகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றுபோன பின்னரும் இக்கடலில் சங்குகுளிப்பு உண்டு. காற்றழுத்தக் குழாய் கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலேறுபவருக்குக் கைகால் மரத்துப் போனாலோ வலுவிழந்தாலோ அதுவும் அவசர நிலையே. இவை மூன்றும் காரணம் தெரிந்த நிலைகள். இனி வருவது காரணம் தெரியாத துடிப்பைப் பற்றியது.

அச்சத்தின் மூலம்

இயக்க நரம்பணு நோய்களுள் மிகுதியாக அறியப்பட்டது ஏ. எல். எஸ் எனப்படுவதாகும். இதனைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1869 முதல் விளக்கினார். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர் லூ கெரிக் 1939 இல் இந்நோயால் ஆட்டத்திலிருந்து விலகி 1941 இல் இறந்தார். இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங்குக்கு 1963 இல் இந்நோய் கண்டறியப்பட்டது. அவர் விதிவிலக்காக 2018 வரை வாழ்ந்தார். நோய் தொடங்கியபின் பெரும்பாலோர் சில ஆண்டுகளே வாழ்கின்றனர். முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. இத்தகைய நோயின் அறிகுறிப் பட்டியலில் "தசைத்துடிப்பு" என்ற சொல்லைக் காண்பவர் அஞ்சுவது இயல்பேயாகும்.

ஆனால் எண்களை அருகருகே வைத்துப் பார்த்தல் நலம். 1963 இல் ரீட், குர்லாண்ட் ஆகியோர் நலமாக உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வில் சுமார் 70 விழுக்காட்டினர் தமக்குத் தசைத்துடிப்பு வந்ததுண்டு எனத் தெரிவித்தனர். ஏ. எல். எஸ் ஐரோப்பாவில் ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் பேருக்குச் சுமார் இருவரைத் தாக்குகின்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தில் ஏறத்தாழ 17.5 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். இவ்விரு வீதங்களையும் அப்படியே பொருத்தினால், மாவட்டத்தில் துடிப்பை அறிந்தோர் 12 இலட்சம் பேர். அந்நோய் புதிதாகக் காண்போர் ஆண்டுக்கு 35 பேர். இது தோராயக் கணக்கே. எனினும் துடிப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்து நோயை ஊகிப்பது எத்துணைப் பொருத்தமற்றது என்பதை இது காட்டும்.

வேறுபடுத்தி அறிதல்

இரண்டையும் பிரிப்பது துடிப்பன்று, வலுவிழப்பு. இதுவே இப்பொருளில் அறியவேண்டிய முதன்மையான செய்தியாகும். ஏ. எல். எஸ் நோயில் நரம்பணுக்கள் அழிவதால் தசை வலுவிழந்து தேய்கின்றது. நோயாளி பெரும்பாலும் முதலில் கவனிப்பது ஒரு செயல் கைகூடாமற் போவதையே: கால்விரலில் செருப்பு நில்லாமல் நழுவுதல், சட்டைப் பொத்தானைப் போட இயலாமை, பூட்டில் சாவி திருகவியலாமை, பேச்சுக் குழறுதல், நீர் குடிக்கையில் புரையேறுதல் போன்றவை. இது நாளுக்கு நாள் கூடிச் செல்லும். ஒருநாள் இருந்து மறுநாள் மறைவதில்லை. மாறாக, தீங்கிலாத் துடிப்புடையவர் "கை வலுவில்லாதது போல் இருக்கின்றது" என்பார்; ஆனால் அதே கையால் நீர் நிறைந்த குடத்தைத் தூக்கிவிடுவார். வலுவிழந்தது போன்ற உணர்வும் உண்மையான வலுவிழப்பும் வெவ்வேறு. மதமதப்பு, எரிச்சல் போன்ற உணர்ச்சிக் குறைபாடுகளும் ஏ. எல். எஸ் நோயின் இயல்பான அறிகுறிகள் அல்ல. அவை இருப்பது வேறு காரணத்தை நாடச் சொல்கின்றது.

நரம்பியல் மருத்துவர் தசைகளின் வலிமையையும் பருமனையும் சோதிப்பார். சிறு சுத்தியலால் முழங்கால், முழங்கை ஆகியவற்றில் தட்டி மறிவினையைப் பார்ப்பார். உள்ளங்காலைக் கீறி விரல் மேல்நோக்கி எழுகின்றதா என நோக்குவார். ஐயம் எழுந்தால் நரம்புக் கடத்தல் ஆய்வும், இ. எம். ஜி எனப்படும் தசை மின்வரைவும் செய்யப்படும். பின்னதில் மெல்லிய ஊசி மின்வாயைத் தசையில் செலுத்தி அதன் மின்குறிகளைப் பதிவு செய்வர். சிறிது வலிக்கும், தாங்கக் கூடியதே. 2006 இல் சப்பானின் அவாஜியில் கூடிய வல்லுநர்கள் வகுத்து 2008 இல் வெளிவந்த வரையறைப்படி, இவ்வாய்வில் தென்படும் துடிப்பையும் நோய்க்கான சான்றாகக் கொள்ளலாம். ஆனால் அத்தசையில் நரம்பிழப்பால் ஏற்பட்ட பிற மாற்றங்களும் உடன் இருந்தாக வேண்டும். துடிப்பு மட்டும் தனியே சான்றாகாது.

தாமே கண்ணாடி முன் நாவை நீட்டிப் பார்த்து, அது நடுங்குவதைக் கண்டு கலங்குவோர் பலர். நீட்டிய நாக்கு எல்லோருக்கும் நடுங்கும். அதனை வாய்க்குள் தளர்வாக வைத்த நிலையிலேயே மருத்துவர் ஆராய்வார். அவ்வாறே இரு கைகளின் பருமனை நூலால் அளந்து வேறுபாடு காண்பதும் பயனற்றது. வலக்கையால் உழைப்பவருக்கு வலக்கை சற்றுப் பருத்திருப்பது இயல்பு. நாள்தோறும் நுனிக்காலில் நின்றும் குதிகாலில் நடந்தும் வலிமையைச் சோதிப்பவருக்கு அச்சோதனையினாலேயே தசை வலியும் களைப்பும் உண்டாகி, அவையே புதிய அறிகுறிகளாகத் தோன்றிவிடுகின்றன.

தொடர்ந்து கவனித்த ஆய்வுகள்

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பிளெக்ஸ்ருட், விண்டிபேங்க், டௌபி ஆகியோர் தீங்கிலாத் துடிப்புடைய 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1993 இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவருக்கும் இயக்க நரம்பணு நோய் உருவாகவில்லை. பரிசோதனையிலும் மின்வரைவிலும் குறையொன்றும் இல்லாதவருக்கு மருத்துவர் அளிக்கும் உறுதிமொழி பெரிதும் இவ்வாய்வையே சார்ந்தது. துடிப்பும் பிடிப்புமாகத் தொடங்கிப் பின்னர் ஏ. எல். எஸ் நோயாக மாறிய அரிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன என்பதை மறைக்கலாகாது. ஆகவேதான், நடுவயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் துடிப்புத் தொடங்கினால் சில மாத இடைவெளியில் மருத்துவர் மீண்டும் ஒருமுறை பார்க்க விரும்புவார். அது வழக்கமான முன்னெச்சரிக்கையே. நோய் உண்டென்று அவர் ஐயுறுவதாகப் பொருள் கொள்ளக்கூடாது.

2013 இல் சிட்னியின் சைமன், கெய்ர்னன் ஆகியோர், தமக்கு ஏ. எல். எஸ் வந்துவிட்டதென்று அஞ்சி வந்த மருத்துவர்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, அந்நிலைக்கு ஒரு தனிப் பெயரும் இட்டனர். நோயைப் பற்றிய அறிவு மிகுந்தவர்களே இவ்வச்சத்துக்கு எளிதில் ஆட்படுகின்றனர் என்பது கவனிக்கத் தக்கது.

சென்னை வகை நோயும் இளையோரும்

ஏ. எல். எஸ் பொதுவாக நடுவயதுக்குப் பிறகு வருவது. மேலைநாடுகளை விட இந்தியாவில் சற்று முன்னரே தொடங்குகின்றது. பெங்களூர் நிம்கான்ஸ் நிறுவனத்தில் 30 ஆண்டுகளில் கண்ட 1,153 நோயாளிகளைப் பற்றி 2008 இல் வெளியான ஆய்வில் சராசரித் தொடக்க அகவை 46 எனக் காணப்பட்டது. "இளையவருக்கு வராது" என்று மேலைநாட்டு நூல்கள் கூறும் ஆறுதல் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பா. இராமமூர்த்தி ஆகியோர், இளம் அகவையினரிடம் தாம் கண்ட வேறுபட்ட ஓர் இயக்க நரம்பணு நோயை 1970 இல் விளக்கி எழுதினர். இது உலக மருத்துவ நூல்களில் சென்னை நகரின் பழைய பெயரால் "மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்" என்றே வழங்குகின்றது. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் இந்நோய் பெரும்பாலும் பதின்ம அகவையில் தொடங்கும். கைகால்கள் மெலிதல், முகத் தசையும் விழுங்கும் தசையும் வலுவிழத்தல் ஆகியவற்றுடன் காது கேளாமையும் சேர்ந்து வருவது இதன் தனித்தன்மை. சிலருக்குப் பார்வை நரம்பும் நலிவுறும். ஆனால் இது மிக மெதுவாகச் செல்வது. நோயாளிகள் பல பத்தாண்டுகள் வாழ்கின்றனர். நிம்கான்ஸ் போன்ற பெரிய நிறுவனமே 1971 முதல் 2007 வரை கண்ட 116 பேரைத்தான் 2008 இல் தொகுத்து எழுத முடிந்தது என்பதிலிருந்து இதன் அருமையை உணரலாம்.

இளைஞர்களிடம் காணப்படும் மற்றொன்று ஒற்றைக்கைத் தசைநலிவு ஆகும். சப்பானியர் ஹிராயாமா 1959 இல் இதனை விளக்கினார். பெங்களூரின் கௌரிதேவியும் உடன் பணியாற்றியோரும் 1984 இல் இந்திய நோயாளிகளைப் பற்றி எழுதினர். பெரும்பாலும் 15 முதல் 25 அகவைக்குட்பட்ட ஆண்களுக்கு ஒரு கையின் முன்கையும் விரல்களும் மெலிந்து, குளிரில் விரல்கள் செயல் குன்றும். சில ஆண்டுகளில் அது தானாகவே நின்றுவிடும், உயிருக்குத் தீங்கில்லை. இவ்விரு நோய்களிலும் கண்ணுக்குத் தெரியும் மெலிவும் வலுவிழப்பும் உண்டு என்பதைக் கவனிக்கவேண்டும். கை மெலியாத, பிடி தளராத இளைஞரின் வெறுந்துடிப்பு இவற்றுள் எதிலும் அடங்காது.

அச்சத்துடன் வாழ்தல்

துடிப்பு தொடங்கியவுடன் அதனையே கவனித்தல், கவனிப்பதால் பதற்றம், பதற்றத்தால் உறக்கமின்மை, உறக்கமின்மையால் மேலும் துடிப்பு என இது ஒரு சுழலாக அமைகின்றது. பகலில் வேலை நடுவே துடிப்பு உணரப்படுவதில்லை. இரவில் அசையாமல் படுத்தவுடன் தெரிகின்றது. இரவில் நோய் முற்றுவதாக அதற்குப் பொருளன்று. அப்போதுதான் கவனம் உடல்மீது திரும்புகின்றது.

ஸ்ரீவைகுண்டம் போன்ற ஒரு சிற்றூரில் இவ்வச்சம் வேறு வடிவம் கொள்கின்றது. "நரம்புத் தளர்ச்சி" என்ற சொல் ஊர்ப் பேச்சில் பரவலாக உள்ளது. நரம்பியலில் அப்படியொரு நோய் இல்லை. களைப்பு, கைநடுக்கம், துடிப்பு, மனச்சோர்வு, ஆண்மைக் குறைவு என எதையும் அதனுள் அடக்கலாம் என்பதால், நகரத்து விடுதிகளில் குறித்த நாளில் அறையெடுத்துத் தங்கி மருத்துவம் பார்ப்போரின் சுவரொட்டிகளுக்கு அது ஏற்ற சொல்லாகிவிட்டது. வெளியே சொன்னால் திருமணம் தடைப்படும் என்றஞ்சி வீட்டாரிடமும் மறைப்பவர் இத்தகையோரிடம் சென்று பொருளை இழக்கின்றனர். "சத்து ஊசி"யும் உயிர்ச்சத்து பி மாத்திரையும் தாமாகவே தொடர்ந்து எடுத்துக்கொள்வோரும் உள்ளர். அவற்றுள் ஒன்றான பி6 நெடுநாள் மிகுந்த அளவில் உட்கொள்ளப்பட்டால் உணர்ச்சி நரம்புகளையே கெடுத்துக் கைகால்களை மரத்துப் போகச் செய்யும். இல்லாத நரம்பு நோய்க்குப் பயந்து உண்மையான நரம்பு நோயை வரவழைத்துக்கொள்வதற்கு இது ஒப்பாகும்.

முறையான வழி இதனைவிட எளிது. சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள திருநெல்வேலியில், மக்கள் ஹைகிரவுண்டு மருத்துவமனை என்றழைக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு; அக்கல்லூரி 1965 இல் தொடங்கப்பட்டது. தூத்துக்குடியிலும் 2000 ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஒருமுறை முழுமையாகச் சோதித்து, தேவையெனில் ஒருமுறை மின்வரைவு எடுத்து, குறையில்லை என்று கூறிய பின்னர் வேறு வேறு ஊர்களில் அதே ஆய்வை மீண்டும் மீண்டும் செய்வதால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. ஒவ்வோர் ஆய்வும் தரும் ஆறுதல் சில நாட்களே நிலைக்கின்றது. அடுத்த துடிப்பில் ஐயம் மீள்கின்றது.

மருத்துவம்

பெரும்பாலோருக்கு மருந்து தேவையில்லை. காப்பியைக் குறைத்தல், போதிய உறக்கம், அளவான நடை ஆகியனவே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன. மக்னீசிய மாத்திரையைப் பலரும் நாடினாலும், உடலில் அச்சத்து குறையாதவருக்கு அது பயன்படும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. சதைப்பிடிப்பு மிகுந்தவர்களுக்குக் கார்பமசெபின், கபாபென்டின் ஆகியவற்றுள் ஒன்று தரப்படலாம். முன்பு பிடிப்புக்கு வழங்கப்பட்ட குயினைன், குருதித் தட்டுக்களைக் குறைத்தும் இதயத் துடிப்பைச் சீர்குலைத்தும் தீங்கு விளைவிப்பதால் இப்போது அதற்காகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. துடிப்புடன் தசை விறைத்து இறுகி, மிகுதியாக வியர்க்கவும் செய்தால், ஐசாக்ஸ் என்பவர் 1961 இல் விளக்கிய நரம்பு மிகைத்தூண்டல் நோயை மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். அதற்குத் தனி மருத்துவம் உண்டு.

அச்சம் நீங்காதவருக்கு உளவியல் மருத்துவம் நல்ல பயன் தரும். உடலைச் சோதிப்பதையும் நோயைப் பற்றித் தேடுவதையும் படிப்படியாகக் குறைக்கப் பழக்குவது அதன் ஒரு பகுதி. மனநல மருத்துவரிடம் அனுப்பினால் "எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள்" என்று வருந்துவோர் பலர். துடிப்பு உண்மையானது, கண்ணால் காணத்தக்கது. அதை யாரும் மறுக்கவில்லை. மருத்துவம் அதனுடன் ஒட்டிய அச்சத்துக்கே. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மனாஸ் எனும் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.

துடிப்பு சிலருக்குச் சில வாரங்களில் நின்றுவிடும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகும். துடிப்பு தொடரும்போதே அதனைப் பொருட்படுத்தாத நிலையை அடைந்தோர் பலர். ஏதேனும் ஒரு தசை மெலிந்து காணப்பட்டாலோ, முன்பு செய்த ஒரு செயல் தொடர்ந்து செய்யவியலாமற் போனாலோ, பேசுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகியவற்றில் இடர் தோன்றினாலோ காலந்தாழ்த்தாமல் நரம்பியல் மருத்துவரைக் காண வேண்டும்.